அம்மா தவறணைக்குள் போன நாள்

வெங்காயம் பொரிந்த எண்ணெயும் பியரும் சுருட்டுப் புகையும் கலந்த ஒரு மணம் எங்கேயாவது மூக்கில் ஏறும்போதெல்லாம் இதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைப்பேன். பிறகு, செபமாலை பிடிக்கிற கையால் ஒரு பியர்க்கடையைப் பற்றி நல்லது எழுதுவதா என்று கூசி விட்டுவிடுவேன். அப்படியே பல வருடங்கள் போய்விட்டன. நான் பெரிய படிப்புப் படித்தவள் அல்ல. பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மணம் அப்பாவின் ஜாக்கெட்டில் வரும். நாங்கள் டோர்ட்மண்டுக்கு வந்த புதிதில், பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் கோவிலுக்கு நேரெதிரே இருந்த பழைய பியர்க்கடையொன்றின் குசினியில் அப்பா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டும் கோப்பை கழுவிக்கொண்டும் இருந்தார். கோவில் கட்ட வந்த கொத்தர்களுக்கு முதலில் சாப்பாடு போட்டதே தங்கள் கடைதான் என்று அதன் சொந்தக்காரி ஹெல்கா அக்கா பெருமையாகச் சொல்வாராம். ஜெர்மன்காரர் அதை 'க்னைப்பெ' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு, ஊரில் கள்ளுக்கடைக்குச் சொல்கிற பெயர்தான், 'தவறணை'.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்கள் நேரே தெருவைக் கடந்து அதற்குள் போவதைப் பார்த்து அம்மா நெஞ்சில் கைவைப்பார்.

"நற்கருணை வாங்கின நாக்கு இன்னும் காயேல்ல, அதுக்குள்ள ஓடுதுகள்."

அம்மாவின் தகப்பன் குடியாலேயே செத்தவர். அந்தப் பிரேதத்தின் முன்னால், தவறணை வாசலை மிதிக்கமாட்டேன் என்று அந்தோனியாருக்கு வாக்குக் கொடுத்தவர் அம்மா. அப்பாவின் ஜாக்கெட்டைக்கூட எங்கள் உடுப்புகளோடு சேர்க்காமல், பல்கனியில் தனி வாளியில் ஊறப்போடுவார்.

"நான் குடிக்கேல்லையப்பா, கிழங்குதான் சீவினனான்" என்பார் அப்பா.

"கிழங்கும் அங்கதானே இருந்தது?"

அந்தக் கடையில் அடுப்போரமாக ஒரு வட்ட மேசை இருந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்து இளைப்பாறிய கிழவர்கள் ஐந்தாறு பேருக்கு மட்டுமே உரிய மேசை அது. கடை நிரம்பி வழிந்தாலும் வேறு எவரும் அதில் இருக்கமாட்டார்கள். இது தெரியாமல் அப்பா முதல் கிழமையே தன் சாப்பாட்டுக் கோப்பையோடு அதில் போய் இருந்துவிட்டார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். ஒரு கிழவர் எழும்பி வந்து, அப்பாவின் தோளைப் பிடித்து, கோப்பையையும் தூக்கி, பக்கத்து மேசையில் கொண்டுபோய் இருத்திவிட்டாராம். அப்பா அதை எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஒரு மழைக்காலத்தில், ஊரில் நடந்த யுத்தத்தில் ஷெல் பட்டுச் சின்ன மாமா செத்துப்போனார் என்று செய்தி வந்தது. அம்மாவுக்கு இருந்த ஒரே தம்பி. செய்தி வந்து சேரும்போது அடக்கமும் முடிந்திருந்தது. அம்மா அழவில்லை. கல்லுப்போல இருந்தார். மாமாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, எங்கள் சனம் பத்துப் பன்னிரண்டு பேர் மழைக்கு ஒதுங்கிக் கோவில் வாசலில் நின்றார்கள். எங்களுடைய ஒற்றை அறையில் நாலு பேருக்கு மேல் நிற்க இடமில்லை. பிரேதமும் இல்லாமல், வீடும் இல்லாமல் ஒரு 'செத்தவீடு'.

அப்போது ஹெல்கா அக்கா ஏப்ரனோடு தெருவைக் கடந்து வந்து அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா தயங்கித் தயங்கி அம்மாவிடம் வந்தார்.

"இஞ்சாருமப்பா, இந்தக் கோவில்ல ஆரின்ர செத்தவீடெண்டாலும் பூசை முடியச் சனம் அவவின்ர கடைக்குத்தான் போறதாம். கோப்பியும் கேக்கும் வச்சிட்டாவாம். எங்களுக்கும் அதுதானாம் முறை."

"எனக்கு ஏலாது. அந்தோனியாருக்குச் சொன்ன சொல்லு."

ஹெல்கா அக்கா போகவில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அப்பாவிடம் கேட்டார்.

"செத்தவீட்டில அடுப்பு மூட்டப்படாது, அயலட்டைதான் சாப்பாடு குடுக்கவேணுமெண்டு இவைக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல."

அம்மா கோவிலுக்குள் போவதுபோலச் சேலைத்தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தார்.

உள்ளே அந்தக் கிழவர்கள் எழும்பி நின்றார்கள். வட்ட மேசை எங்களுக்கு விடப்பட்டிருந்தது. பூசைக்குக் கொண்டுபோன மாமாவின் படத்தை அப்பா கையில் வைத்திருந்தார். ஹெல்கா அக்கா அதை வாங்கி மேசை நடுவில் சாய்த்துவைத்து, அதன் முன்னால் நுரை தள்ளத் தள்ள ஒரு கிளாஸ் பியரை வைத்தார்.

எங்கள் சனம் விறைத்துப்போனது.

"அவையின்ர மரியாதையப்பா" என்றார் அப்பா அவசரமாக. "இந்த மேசையில ஆரும் செத்தா அவருக்கும் ஒண்டு வைப்பினமாம்."

அம்மா கிளாஸைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு ஹெல்கா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த நாலு ஜெர்மன் சொல்லில், "என் தம்பி குடிக்கமாட்டான். நல்ல பிள்ளை" என்றார். சொல்லும்போதே உடைந்து போனார். செய்தி வந்தபிறகு அன்றைக்குத்தான் அழுதார்.

ஹெல்கா அக்கா பியரை எடுத்துவிட்டு அப்பிள் சாறு வைத்தார். கையில் கரித்தூள் நீலமாய்ப் படிந்த தழும்புள்ள ஒரு கிழவர் தன் பியரையும் தள்ளிவைத்து, தனக்கும் அதுவே கேட்டார். பிறகு மற்றவர்களும் கேட்டார்கள்.

"இந்த மேசைக்கு இப்பிடியொரு மானக்கேடு வந்ததே இல்லையாம்" என்று அவர் முணுமுணுத்ததை அப்பா மொழிபெயர்த்தபோது, அம்மா அழுகைக்கிடையில் சிரித்துவிட்டார்.

வாக்கை மீறினேன் என்று அம்மா அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் தானும் அங்கேதான் இருப்பதாகச் சொன்ன பாதிரியார், அந்தக் கடைக்காரிக்காக ஒரு 'அருள்நிறைந்த மரியே' சொல் என்று மட்டும் கட்டளையிட்டாராம். அம்மா அதை ஒரு நாளோடு நிறுத்தவில்லை. சாகும்வரை ஒவ்வொரு செபமாலை முடிவிலும் அவருக்காக ஒன்று கூடுதலாகச் சொன்னார்.

ஹெல்கா அக்கா போய்விட்டார். கிழவர்களும் போய்விட்டார்கள். கடை பூட்டிக் கண்ணாடியில் கடதாசி ஒட்டியிருக்கிறது. போன வருடம் அம்மாவின் செத்தவீட்டுப் பூசை முடிந்து, மழையில், கடதாசிக் கோப்பையில் கோப்பி பிடித்துக்கொண்டு அதே கோவில் வாசலில் நின்றோம். யாராவது தெருவைக் கடந்து வருவார்கள்போல நான் எதிரே பார்த்துக்கொண்டே நின்றேன்.

எங்கள் செபக்கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அம்மாவின் மரியாதைக்காக, அது கோவில் மண்டபத்தில் நடந்தது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படி மாற்றாதீர்கள். சொல்வதென்றால் உள்ளபடியே சொல்லுங்கள். அது தவறணைதான். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு அதற்குள் போனார்.