அவர் சீட்டுக்கு வந்த குளிர்

கூலிங் என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். முப்பது வருடமாக வண்டிகளுக்கு ஏசி பொருத்துகிறார். பஸ், ஆம்புலன்ஸ், மீன் லாரி எதையும் விட்டதில்லை. வீட்டில் மட்டும் கடகடக்கும் ஒரு மின்விசிறிதான். "ஊரையே குளிர வைக்கிற மனுஷனுக்குப் பொண்டாட்டி வேர்த்து ஊத்துறது தெரியல" என்று மனைவி வாரம் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்: ஏசிப் பெட்டி எங்கே தொங்கினாலும் டிரைவர் முட்டியில் இடிக்கக் கூடாது. முதல் வருடம் ஒரு பஸ் டிரைவர் வீங்கிய முட்டியோடு வந்து திட்டிய திட்டு இன்னும் காதில் நிற்கிறது.

பல் டாக்டரின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே சீட். ஏசி என்ற நினைப்பே இல்லாத காலத்தில் செய்த வண்டி. டாக்டருக்கு நான்கு மாதம் முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கை மடியில் கிடக்கும். கால் விறைத்து நீட்டிக்கொண்டு நிற்கும், முட்டி மடங்காது. முதல் ஆறு மாதத்துக்குள் பயிற்சி நிலையத்தில் கம்பி பிடித்து நடந்து பழகினால் நல்லது, அதற்கப்புறம் கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் பட்டாலோ மயக்கம். ஏசி டாக்சி வாசலில் வந்து நின்றும் அவர் அசையவில்லை.

"என் வண்டியில போறதுன்னா வர்றேன். இல்லன்னா ஆளை விடு."

டாக்டர் வீட்டம்மா கூலிங்குக்குப் போன் செய்தார். "தம்பி, அவர் சீட்டுல காத்து நல்லா வரணும். கால் நீட்ட இடம் தாராளமா இருக்கணும். அது ரெண்டும்தான் முக்கியம்."

"அதை என்கிட்ட விட்டுடுங்கம்மா."

ஐந்து வாரம் வேலை இழுத்தது. இஞ்சின் பக்கம் விரல் நுழைய இடமில்லை. கம்ப்ரசரைத் தாங்கும் இரும்புப் பட்டையை இரண்டு தடவை அடித்து வளைத்தார். ரேடியேட்டருக்கு இன்னொரு விசிறி வைத்தார். அப்படியும் வண்டி நின்றபடி ஏசி ஓடினால் இருபது நிமிடத்தில் இஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்புக்கு ஏறியது. வண்டி ஓடினால் பாதகமில்லை. ஓடத்தானே வண்டி என்று விட்டுவிட்டார்.

குளிர்ப் பெட்டியை டாஷ்போர்டுக்கு அடியில், டிரைவர் பக்கம் ஒட்டாமல், பக்கத்து சீட்டுக்கு முன்னால் தொங்கவிட்டார். காற்று வரும் வாய் இரண்டையும் ஸ்டியரிங் பக்கம் திருப்பினார். தானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தார், அகட்டிப் பார்த்தார். எதுவும் இடிக்கவில்லை. டாக்டருக்குக் கால் சரியில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஸ்டியரிங்கை டாக்டரைத் தவிர வேறொருவர் பிடித்து அவர் பார்த்ததே இல்லை.

வண்டி தயாரான அன்று காலை பத்து மணிக்குப் பயிற்சி நிலையத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். ஒன்பதரைக்கு வண்டியை வீட்டு நிழலில் நிறுத்தி, டிரைவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் கூலிங். வீட்டம்மா சக்கர நாற்காலியை மறுபக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"அம்மா, இந்தப் பக்கம்."

"அது எனக்கு தம்பி. ஓட்டப்போறது நான்தானே?"

கூலிங் பிடித்திருந்த கதவைச் சாத்திவிட்டு மறுபக்கம் போனார்.

சீட்டைக் கடைசி வரை பின்னுக்குத் தள்ளினார்கள். முதலில் இடுப்பை உள்ளே வைத்து, பிறகு டாக்டரைத் திருப்பி, வலது காலை எடுத்து வைத்தார்கள். இடது கால் வரவில்லை. முட்டிக்குக் கீழே பெட்டியின் முனை இடித்தது. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் தடவை தோல் உரிந்தது.

"கடைவாய்ப் பல்லுகூட இவ்வளவு இறுக்கமா இருக்காதுய்யா" என்றார் டாக்டர்.

"இதைக் கொஞ்சம் தள்ள முடியாதா தம்பி?"

"எங்கம்மா தள்ளுறது? அந்தப் பக்கம் ஸ்டியரிங், பெடல். பின்னாடி பெட்ரோல் டேங்க். இதைவிடச் சின்னப் பெட்டி எங்கயும் கிடைக்காது, தேடிட்டேன்."

"கழட்டிட்டா?"

"கழட்டலாம். வெறும் வெயில்தான்."

வீட்டம்மா டாக்டரின் காலைத் துடைத்து மருந்து தடவினார். "அவர் சீட்டுன்னு சொன்னேனே தம்பி."

"அவர் சீட்டுன்னுதான்மா நானும்..." கூலிங் ஸ்டியரிங்கைக் காட்டினார்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னை அந்தப் பக்கம் உட்கார வைங்க."

உட்கார வைத்தார்கள். விறைத்த கால் பெடல்களுக்கு ஓரமாக நேராக நீண்டது. எங்கேயும் இடிக்கவில்லை, அப்படித்தானே அளந்து வைத்திருந்தார். கூலிங் இஞ்சினைப் போட்டார். காற்று டாக்டரின் முகத்தில் அடித்தது. டாக்டர் வலது கையை ஸ்டியரிங்கில் வைத்தார்.

"முதல்தரம்யா."

வீட்டம்மா உள்ளே போய்ப் பயிற்சி நிலையத்துக்குப் போன் செய்தார். இன்றைக்கு வரவில்லை என்று சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்டது. நாளைக்கு என்றும் சொல்லவில்லை. கூலிங் கதவருகே குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு செய்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

பத்தேகாலுக்கு ஊசி சிவப்பைத் தொட்டது.

"டாக்டர், அணைச்சிடலாமா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம்" என்றார் டாக்டர், ரோட்டைப் பார்ப்பது போல எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.