ஆர்டர் என்று பெயர் வைத்த டேபிள்

நான் வேலைக்குச் சேர்ந்த பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் சிவகாசியில் ஒரு மாடியில் இருந்தது. அங்கே கம்ப்யூட்டர் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்ற மூவரும் போனில் ஆர்டர் எடுத்து நோட்டில் எழுதுகிறவர்கள். ஆமத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். ‘டீ வேண்டாம்’ என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாமலே வீடு திரும்பிய நாட்கள் உண்டு.

சீசனுக்கு முன்னால் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார் முதலாளி. டேட்டாபேஸில் ஒரு டேபிள், அதாவது விவரங்களை ஏற்றும் பட்டியல், போட்டு, ஆபீஸில் எல்லோர் வாயிலும் இருந்த வார்த்தையையே ஆங்கிலத்தில் அதற்குப் பெயராக வைத்தேன்: ஆர்டர். மவுஸால் சொடுக்கி உண்டாக்கியபோது ஒரு மறுப்பும் இல்லை. அதிலிருந்து விவரம் எடுக்க நானே கட்டளை எழுதியதும் பிழை என்றது. ஒரே ஒரு வரிதான். எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். கமாவை எடுத்தேன், திரும்ப வைத்தேன். இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் மதியம், எஸ்டிடி பூத்திலிருந்து சென்னையில் வேலை பார்க்கும் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டேன்.

“ஆர்டர்னா பேரு வச்ச? அது டேட்டாபேஸோட சொந்த வார்த்தையாச்சே. வரிசைப்படுத்தச் சொல்றதுக்கு அதத்தான எழுதுவோம். நீ டேபிளச் சொல்றியா, வரிசையச் சொல்றியான்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப மொதல்ல எப்படி ஏத்துக்கிட்டுச்சு?”

“சொடுக்கும்போது சாஃப்ட்வேரே பேரச் சுத்தி அடைப்புக் குறி போட்டுக்கிடும். கையால எழுதுனா நீதான் போடணும். இல்லன்னா பேர மாத்திரு. எனக்கு மீட்டிங் இருக்குடி, வைக்கிறேன்.”

அவளோடு பேசி எட்டு மாதமாகியிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்க நினைத்திருந்தேன்.

குறியை எங்காவது ஓரிடத்தில் மறந்துவிடுவேன் என்று பயந்து, முன்னால் இரண்டு எழுத்துச் சேர்த்துப் பெயரையே மாற்றினேன். இந்த முறை பிழை வராமல் வரி ஓடியது. திரும்பிப் பார்த்தேன். மூவரும் போனில் இருந்தார்கள்.

முதலாளி வந்து, “ஆர்டரெல்லாம் ஏறிருச்சாம்மா?” என்றார்.

“ஏறுது சார். பேருதான் இடிச்சது.”

“பேரா?” என்றவர் பதிலுக்கு நிற்கவில்லை.

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது, அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். “ரெண்டு நாளா ஏன் மொகம் செத்துப்போயிக் கெடந்த?” என்று கேட்டாள்.

“சில வார்த்தைய அது தனக்குன்னு எடுத்து வச்சிருக்கும்மா. அத நாம பேரா வைக்கக் கூடாது.”

“அம்புட்டுத்தானா?”

நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள் பாதியிலேயே தூங்கிப்போனாள். மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.