சோரியும் சொறியும்

மரகதம் அக்கா தினமும் காலையில் பாம்பூஃப்ளாட்டில் என்னோடு ஃபெரி ஏறுவார். போர்ட் பிளேயரில் சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் வாரியத்தில் பியூன். கதவைத் திறப்பது, பெயரைக் கூப்பிடுவது, டீ கொண்டுபோய்க் கொடுப்பது என்று இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டார். வருகிற பையன்களில் பாதிப்பேர் வெறும் வயிற்றோடு வருவதால் கைப்பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும்.

எங்கள் அந்தமான் தீவில் பையன் ஒருவன் தப்பு செய்தால் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். "மெயின்லேண்டுக்கு அனுப்பிடு." ஒரு காலத்தில் அங்கே தப்பு செய்தவர்களை இங்கே கப்பலேற்றினார்கள், இப்போது நாம் திருப்பி அனுப்புகிறோம். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் அப்படி ஒரு பையன் வந்தான். பதினைந்து வயது. கௌதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அசல் பெயரை அக்கா என்னிடம்கூடச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவனை ஒன்பதாம் வகுப்பில் இந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். புரியாத பாடத்துக்குத் தலையாட்டி அலுத்துப்போய், பள்ளிக்கூட நேரத்தில் படகுத்துறைக்குப் போக ஆரம்பித்தான். அங்கே இரண்டு பெரிய பையன்களோடு சிநேகம். ஒருநாள் அவர்கள் ஒரு டிங்கிப் படகின் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டார்கள். இவன் மட்டும் ஓடாமல் நின்றான். அகப்பட்டான்.

திருடியதாக அவனே ஒப்புக்கொண்டான் என்று போலீஸ் எழுதிவிட்டது. அப்புறம் தெரு சும்மா இருக்குமா? அவன் அம்மா ராணி, தோட்டக் கூலி, ஊர் வாய்க்குப் பயந்து கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டாள். வாரியம் விட்டால் வெள்ளிக்கிழமை கப்பல். கோயம்புத்தூரில், பையன் முகம்கூடப் பார்த்திராத ஒரு மாமாவின் பட்டறை.

விசாரணை அன்று மாஜிஸ்திரேட் மேடம் இந்தியில் கேட்டார், ஸ்டேஷனில் என்ன சொன்னாய் என்று. பையன் தலையைக் குனிந்துகொண்டு, "சொறி, சொறி" என்றான்.

பக்கத்திலிருந்த உறுப்பினர், "தேகியே மேடம், ஃபிர் சோரி போல் ரஹா ஹை" என்றார். மறுபடியும் சோரி, அதாவது திருட்டு, என்கிறானாம்.

டீ டிரேயோடு நின்ற அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூப்பிடாமல் அந்த அறையில் வாய் திறந்ததே இல்லை. அன்று திறந்தார். "மேடம், வோ சோரி நஹீ. ஸாரி போல்தா ஹை. ஹம்லோக் ஐஸா ஹீ போல்தா ஹை." திருட்டு இல்லை, ஸாரி சொல்கிறான், நாங்கள் அப்படித்தான் சொல்வோம் என்று.

அக்காவும் ராணியும் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். எங்கள் திருநெல்வேலி வீட்டில் சொறி என்றால் அரிப்பு. அவர்கள் வீட்டில் அது மன்னிப்பு. போலீஸ்காரர் "சோரி கியா?", திருடினாயா என்று கேட்டிருக்கிறார், இவன் "சொறி, சொறி" என்றிருக்கிறான். இரண்டு திருட்டு என்று எழுதாமல் விட்டாரே, அதுவே பெரிசு.

மேடம் அக்காவையே தமிழில் கேட்கச் சொன்னார்.

"யாருக்கிட்டடா சொறி சொன்ன?"

"அம்மாக்கிட்ட. பக்கத்துல நின்னுச்சு. என்னாலதான் அம்மா அன்னைக்கு வேலைக்குப் போகல."

அதன்பிறகுதான் பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை என்று அவனை முதல்முறையாக ஒருவர் கேட்டார். அரைமணி நேரம் பேசினான். இவன் மோட்டாரைத் தொடவே இல்லை என்று சாட்சிக்கு வந்த டிங்கிக்காரரும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு அனுப்பினார்கள். சாயங்காலம் இந்தி சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சருக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

திரும்பும் ஃபெரியில் அக்கா, ராணி, பையன் மூன்று பேரும் ஒன்றாக வந்தார்கள். பையன் அக்காவின் பிஸ்கட் பாக்கெட்டை முக்கால்வாசி காலி செய்துவிட்டான். ராணி முந்தானையில் முடிந்திருந்த கப்பல் டிக்கெட்டை அவிழ்த்தாள்.

"இத கேன்சல் பண்ண எந்த கவுண்டர்க்கா?"

அக்கா சொன்னார். ராணி டிக்கெட்டை மறுபடி முந்தானையில் முடிந்தாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, மெதுவாக, "சொறிடா" என்றாள்.

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.