கலிங்கில் முளைத்த மூட்டைகள்

மண் அணையைக் காவல் பார்க்கும் லஸ்கராகப் போனவன் மாமியாரை நம்பினாலும் நம்பலாம், ஈரத்தை நம்பக் கூடாது. மொட்டைமாடி எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் அண்ணாந்து நின்றவரா நீங்கள்? அப்போ நீங்களும் நம்ம ஆள்தான். உத்தமபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் என் அணை. அதைப் பார்க்க வருவது நானும் நாலு எருமைகளும்தான்.

செழித்த சேம்பு

மாசியிலேயே ஊர் காய்ந்து கிடக்க, கரைக்கு அடியில் சின்னையா தோட்டத்துச் சேம்பு மட்டும் தளதளவென்று நின்றது. மதகைத் திருட்டுத்தனமாகத் திறக்கிறானோ? பூட்டை இழுத்துப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. குனிந்தால், கரையடியில் கசிவு!

டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர். அந்த மட்டுக்கும் பிழைத்தோம். கலங்கி வந்தால் கரை மண்ணே கரைந்து போகிறது என்று அர்த்தம். கரை போனால் முதலில் போவது சின்னையா வீடு. "ஏன்டா சொல்லல?" என்றேன். "உங்க கரை நல்ல கரைண்ணே, கேக்காமலே தண்ணி குடுக்குது" என்றான்.

வெள்ளத்தில் வந்தவை

ஐப்பசியில் அணை நிரம்பியது. மிச்சத் தண்ணீர் வழிந்து போகத்தான் ஓரத்தில் கலிங்கு கட்டியிருக்கிறது. விடிந்து பார்த்தால் அதன்மேல் மணல் மூட்டைகள்! இன்னும் ஒரு முழம் தண்ணீர் நின்றால் இன்னொரு போகம் நெல் என்று கீழ்வயல்காரர்களுக்கு ஆசை. இழுத்துப் போட்டேன், மறுநாள் திரும்ப முளைத்தன.

சும்மா விடுவேனா? டீக்கடையில் உட்கார்ந்து, மூட்டை தூக்கிய தடம் தெரிகிறதா என்று ஒவ்வொருவர் கையாகப் பார்த்தேன். எல்லாருமே கையை ஒளிப்பது மாதிரி இருந்தது. பாசன சங்கத் தலைவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "எங்க ஆளுக யாரும் அங்கன போகலப்பா. வெள்ளத்துல வந்து, அதுகளாவே வரிசையா உக்காந்திருக்கும்."

கலங்கிய டம்ளர்

அடுத்து அடைமழை. காலையில் சேம்புக்கு நடுவே டம்ளரை வைத்தேன்; டீ மாதிரி வந்தது. ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டு, "ஏலே சின்னையா, பிள்ளைகள மேட்டுக்கு ஏத்து!" என்று கத்தியபடி கலிங்குக்கு ஓடினேன். மூட்டைகளை எடுத்தால்தான் தண்ணீர் இறங்கும்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவனும் பின்னாலேயே வந்தான். எந்த மூட்டையை உருவினால் வரிசை சரியும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. அடப்பாவி! கீழே அவனுக்கும் நெல் வயல் உண்டே. சண்டை போட நேரமில்லை. அதே மூட்டைகளைச் சுமந்து வந்து கசிவைச் சுற்றிக் கிணறு மாதிரி அடுக்கினோம். உள்ளே தண்ணீர் ஏறி நின்றதும் ஊற்றின் வேகம் செத்தது. மேலே மணலும் ஜல்லியும் போட்டோம். சாயங்காலம் டம்ளர் தெளிந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சின்னையா முதுகைத் தட்டிக்கொடுத்தான்: "பாத்தீகளாண்ணே, நாங்க மூட்டை அடுக்கலேன்னா இப்ப எதை வச்சுக் கட்டியிருப்பீக?"

கரை பிழைத்தது, ஆனால் இப்போதெல்லாம் ஊருக்குள் யார் காலிச் சாக்கு வாங்கினாலும் நான் அவர் பின்னாலேயே போகிறேன்.