கொக்கி தாங்கினால் போதும் என்றிருந்தேன்

கொக்கி உடையாத வரை எவ்வளவு எடை வேண்டுமானாலும் இழுக்கலாம் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். திருமுடிவாக்கத்தில் இரும்புப் பட்டறை வைத்திருப்பவனுக்கு இந்தத் திமிர் வரத்தான் செய்யும். பிக்கப்பின் பின்னால் நானே ஒரு கொக்கியைப் பற்றவைத்தேன், நானே ஒரு ட்ரெய்லரும் செய்தேன். கொக்கியில் என் மச்சானைத் தொங்கவிட்டுச் சோதித்தேன். அவன் காலை ஆட்டிக்கொண்டே, "இன்னா மாமா, யானையே கட்டலாம்" என்றான். ஆய்வு முடிந்தது. பூசணிக்காய் உடைத்தோம். ட்ரெய்லரைப் பதிவு செய்ய வேண்டும் என்று இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

பிக்கப்பின் ஆர்.சி.யைப் பார்க்காமல் இல்லை. மொத்த எடை என்று மூன்று டன்னை ஒட்டி ஓர் எண் இருந்தது. அவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று படித்துக்கொண்டேன். ட்ரெய்லருக்குத்தான் சொந்தச் சக்கரம் இருக்கிறதே, அதன் எடை சாலையின் கவலை!

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வீட்டுக்கு இரும்பில் சுருள் மாடிப்படி செய்திருந்தோம். மறுநாள் காலை கிரகப்பிரவேசம். வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர், விடிந்ததிலிருந்து போனில்.

"மொட்டை மாடியிலதான் சார் பந்தி. ஏணி வெச்சா சம்பந்தியை ஏத்தறது?"

"மதியம் வந்துடும் சார். சாயங்காலம் பொருத்திடுவோம்."

படி ட்ரெய்லரில் ஏறியது. வாசல் கேட்டும் கைப்பிடிக் கம்பிகளும் பிக்கப்பில். மச்சான் பக்கத்தில்.

வண்டலூர் பக்கம் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது கீழே சிக்னல் சிவப்பு. பிரேக்கை மிதித்தேன். பிக்கப் கேட்டது, ட்ரெய்லர் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அதற்குப் பிரேக் என்ற ஒன்றை நான் வைக்கவே இல்லை. முதுகில் கைவைத்து வரிசையில் தள்ளுகிறவனைப் போல எங்களைத் தள்ளியது. நான் கண்ணாடியைப் பார்த்து "டேய், நில்றா!" என்று ட்ரெய்லரை அதட்டினேன். அதுவும் போதாமல் ஜன்னல் வழியே கையை நீட்டி அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு என் தொடையைக் கிள்ளினான்.

வண்டி கோணலாக நின்றது. முன்னால் ஸ்கூட்டரில் இருந்த ஒரு அக்கா இறங்கி வந்தார். அவருடைய பின்சக்கரத்துக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு செருப்புதான் நுழையும்.

"யோவ், வூட்டையே கட்டி இஸ்துகினு வர்றியா? அறிவு கீதா உனக்கு?"

அறிவு இருக்கிறதா என்று யோசிக்காமல், கொக்கி இருக்கிறதா என்று இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

வாகன ஆய்வாளர் ஒருவர் அங்கேயே நின்றிருந்தார். எடை மேடைக்கு அழைத்துப் போனார். எடை மூன்று டன்னைத் தாண்டியது தெரிந்ததும் நான் வக்கீலாக மாறினேன். "மூணு டன் சரக்குக்கு அனுமதி இருக்கு சார்!"

"அது வண்டியோட சேர்த்து சார். டீசல், நீங்க, இதோ இவரு, சரக்கு, எல்லாம் அதுக்குள்ளதான். ட்ரெய்லர் மூக்கு உங்க கொக்கியை அழுத்துதே, அந்த எடையும் உங்க கணக்குதான். இழுக்கறதுக்குத் தனியா ஒரு வரம்பு உண்டு. உங்க வண்டிக்கு அப்படி ஒண்ணு கொடுக்கவே இல்ல."

மச்சான் விடவில்லை. "எல்லாரும் இப்டித்தான் சார் போறாங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டறையில் தினம் நான் சொல்கிற வார்த்தை அது. அவன் என்னிடம்தான் கற்றான். அடிக்க வேண்டும் போல இருந்தது, யாரை என்பதில்தான் குழப்பம். நூல் அளவு பிசகினால் தொழிலாளியை விரட்டும் நான், ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் பிரேக் இல்லாத இரும்பு மலையை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

ட்ரெய்லரைக் கழற்றி அங்கேயே நிறுத்திவிட்டார்கள். பிக்கப்பையும் விடவில்லை. வாடகை லாரி மறுநாள்தான் கிடைத்தது. படி போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்திருந்தது. மொட்டை மாடிப் பந்தலுக்கு ஒருவரும் ஏறவில்லை. சம்பந்தி வீட்டார் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள்.