கை பிரேக்

எதிர் பிளாக்கில் இன்று காலை பந்தல் பிரித்த வைக்கோலைக் கொளுத்தினார்கள். ஈர வைக்கோல். பற்றவில்லை என்று வாட்ச்மேன் பழைய எஞ்சின் ஆயிலை எடுத்து ஊற்றினான். கல்கத்தாவில் எங்கள் டாலிகஞ்ச் முழுக்க அந்தப் புகைதான். நான் பால்கனியில் நின்று கத்தினேன். அவன் அசரவில்லை. "தீதி கோபமா இருக்கு" என்று வங்காளத்தில், அக்கா முறை வைத்து, பக்கத்திலிருந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். இந்தக் கட்டடத்தில் என்னை அடையாளம் சொல்ல அந்தக் கோபம் ஒன்றே போதும்.

உங்களுக்கு அது குப்பை எரிகிற நாற்றம். எனக்கு அது ஒரு மியூசியம் திறந்த நாற்றம்.

அப்போது ஹவுரா யார்டை ஒட்டிய ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குச் சொந்த ஊர் அரக்கோணம். நீராவி எஞ்சின் டிரைவர். வாயைத் திறந்தால் வசவுதான். அந்த வாய்தான் எனக்கும் வந்திருக்கிறது என்று அம்மா சொல்வாள். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்தில் நீராவியை நிறுத்தினார்கள். கடைசி வண்டி ஓடிய வாரம் அப்பா மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தார். மாலையும் போட்டோவும் ரசகுல்லாவும் வேறொருவருக்குப் போயின. எழுந்து போனபோது அவரை ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ரிட்டையர் ஆகும்வரை அங்கேதான்.

"பாதி வழியில எறக்கி வுட்ட மாரி கீதுடி" என்பார். சாப்பிடும்போது சொல்வார், ஷேவ் செய்யும்போது சொல்வார். அம்மாவுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஒருநாள் அவருடைய நீலக் கோட்டைப் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவளிடம் போட்டுவிட்டு, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கு ஒன்று வாங்கிவிட்டாள். அந்தத் தூக்கில்தான் நான் ஆபீசுக்குச் சாம்பார் சாதம் கொண்டுபோனேன். நல்ல தூக்கு, பொய் சொல்லக்கூடாது.

என் ஆபீஸ் என்பது யார்டின் டிராயிங் செக்‌ஷன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் புது மியூசியத்துக்கான வேலை எங்கள் மேஜைக்கு வந்தது. ஆகாயத்தாமரை மூடிய குட்டையும் துருப்பிடித்த பெட்டிகளுமாய்க் கிடந்த நிலம். அங்கே கட்டடம், கேன்டீன், பக்கத்தில் ஒரு குட்டி லைன். அதில் யார்டுக்குள் பெட்டி மாற்றும் ஷன்டிங்குக்கு ஓடிய பழைய சின்ன எஞ்சின் இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு, நிஜ நீராவியில், குழந்தைகளை ஏற்றிப் போகும். திட்டம் இதுதான். நல்ல திட்டம்தான். பொறுப்புக்கு வந்த ஆபீசர் சென்னையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். தமிழர் என்று சந்தோஷப்பட்டேன், எனக்கு அப்போது புத்தி அவ்வளவுதான். அவர் கொடுத்த வரைபடத்தில் மூன்று கலரில் வெளிச்சம் போடும் நீரூற்று இருந்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கத் தொட்டி இல்லை.

"தொட்டி எங்க சார்?" என்றேன்.

"அதெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம்மா."

தொட்டியை நானே வரைந்து சேர்த்தேன். கையெழுத்துப் போடும்போது அவர் பார்க்கவே இல்லை.

எஞ்சினை உயிர்ப்பித்தது, எல்லோருக்கும் அண்ணன் முறையான நிமாய்தாவும் அவர் ஆட்களும். ஷெட்டில் பாய்லர் வேலை பார்த்தவர்கள். அப்பா தினமும் போய் அவர்கள் தலைமேல் நின்று திட்டுவார். "காக்கு, வீட்டில் சாப்பாடு போடவில்லையா, எங்களைத் தின்ன வந்துவிட்டாய்!" என்று, சித்தப்பா முறை வைத்தே, நிமாய்தா திருப்பிக் கொடுப்பார். அப்பாவுக்குப் பாதி வங்காளம், அவருக்குத் தமிழ் வசவில் நாலைந்து. போதுமானதாக இருந்தது. சோதனைக்கு முதல்முறை நெருப்புப் போட்டு விசில் அடித்தபோது அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரித்தூள் விழுந்துவிட்டது என்றார். ஆபீசர் அங்கேயே, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தெறப்பு விழா அன்னிக்கு நீங்கதான் ஓட்டணும் பெரியவரே." அப்பா மறுநாளே கிடர்பூர் பக்கம் ஒரு டெய்லரிடம் நீலக் கோட் தைக்கக் கொடுத்தார்.

பிறகு தேதி வந்தது. விஸ்வகர்மா பூஜையன்று திறப்பு.

இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். செப்டம்பரில் அந்த ஒருநாள், பட்டறை, ஷெட், ரிக்‌ஷா ஸ்டாண்ட் எங்கும் விஸ்வகர்மா சிலை வைப்பார்கள். முந்தின நாளே கருவிகளைக் கழுவித் துடைத்து வைத்துவிடுவார்கள். அன்று ஸ்பானரைத் தொடமாட்டார்கள், பாய்லருக்கு நெருப்பு வைக்கமாட்டார்கள். அரிசியும் பருப்பும் சேர்த்த கிச்சுடி, மாமிசம், மொட்டைமாடியெல்லாம் பட்டம். நான் ஆபீசரிடம் ஓடினேன்.

"சார், அன்னிக்கு ஒருத்தனும் எஞ்சினைத் தொடமாட்டான்."

"ஆயுத பூஜை அடுத்த மாசம்தானேம்மா?"

"அது நமக்கு சார். இவங்களுக்கு இதான் ஆயுத பூஜை."

"எஞ்சினுக்கு பூஜை போடற நாள்ல எஞ்சின் ஓடினா எவ்வளவு பொருத்தம்! பெரியவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு."

நிமாய்தாவிடமும் உத்தரவு போட்டுப் பார்த்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "இன்னைக்குச் சொல்லுங்க, நாளைக்குச் சொல்லுங்க, அன்னைக்கு மட்டும் கை வைக்கமாட்டோம்" என்று இந்தியில் சொல்லிவிட்டார். அப்பா அவர்கள் பக்கம்தான். "உங்கம்மா ஆயுத பூஜையன்னிக்கு அருவாமணையத் தொடுவாளா? தள்ளி வெப்பானுங்க, பாரு" என்றார்.

தள்ளி வைக்கவில்லை. பூஜையன்று காலை குவார்ட்டர்ஸ் வாசலுக்கு ஜீப் வந்தது. எஞ்சின் தயார், பெரியவரைக் கூப்பிடுகிறார்கள் என்றான் டிரைவர். "தொட மாட்டோம்னு சொன்ன பசங்க தொட்டுட்டானுங்களா?" என்று அப்பா அவர்களைத் திட்டிக்கொண்டேதான் புதுக் கோட்டுக்குப் பொத்தான் போட்டார். கடைசிப் பொத்தானை அம்மா போட்டுவிட்டாள்.

எஞ்சின் புகைபோக்கியிலிருந்து கறுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. அந்த நாற்றம் அப்போதே எனக்குச் சரிப்படவில்லை. புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் முன்பெட்டியைத் திறந்து தகரத்தில் ஈர வைக்கோலும் எஞ்சின் ஆயிலும் போட்டுக் கொளுத்தியிருந்தார்கள், விழா ஏற்பாடு செய்த கான்ட்ராக்டரின் ஆட்கள். இரண்டு பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு டீசல் எஞ்சின், அதன்மேல் கலர்த்துணியும் சாமந்தியும் சுற்றி மறைத்து. தள்ளுவது அதுதான். டிரைவர் நிற்கிற இடத்தின் கூரையடியில் லவுட்ஸ்பீக்கர்.

அப்பா மேலே ஏறி பாய்லரின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தார்.

"ஜில்லுனு கீது" என்றார். "டேய், இது பொணம்டா."

ஆபீசர் கீழேயிருந்து, "பெரியவரே, சும்மா கை காட்டுங்க போதும், பத்து நிமிஷம்" என்றார். விருந்தாளிகள் பெட்டியில் ஏறியாகிவிட்டது. ரிப்பன் வெட்டியாகிவிட்டது. அப்பா விசில் கயிற்றை நோக்கிக் கையைத் தூக்கினார். அவர் தொடுமுன் லவுட்ஸ்பீக்கர் விசிலடித்தது.

டீசல் தள்ள ஆரம்பித்தது. அப்பா கை காட்டவில்லை. குனிந்து, கை பிரேக் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். நீராவி வேண்டாத ஒரே சாமான் அந்த எஞ்சினில் அதுதான். காமாலை வந்த உடம்பு, எழுபதை நெருங்கிய உடம்பு, தொங்கித் தொங்கிச் சுற்றினார். சக்கரங்கள் இறுகிக்கொண்டு கிறீச்சிட்டன. பொறி பறந்தது. டீசல்காரன் பயந்துபோய் நிறுத்திவிட்டான்.

வண்டி நின்றது. லவுட்ஸ்பீக்கர் நிற்கவில்லை. குப் குப் குப் என்று ஓடிக்கொண்டே இருந்தது, விசில் வேறு. நின்ற வண்டியில் மாலையும் கழுத்துமாய்ப் பெரிய மனிதர்கள். ஷெட்டில் போட்டிருந்த பூஜைப் பந்தலிலிருந்து நிமாய்தா ஆட்கள் சிரித்த சிரிப்பில், பட்டம் விட்டுக்கொண்டிருந்த பயல்களுக்கு என்ன புரிந்ததோ, மாடியிலிருந்து "போ காட்டா!" என்று கத்தினார்கள். எதிரியின் பட்டத்தை அறுத்தால் கத்துவது.

அப்பா இறங்கி நேராகப் பந்தலுக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "கிச்சுடி கீதா, ஆயிப்போச்சா?" என்றார். நிமாய்தா தன் இலையை அவர் முன்னால் தள்ளினார்.

அடுத்த வாரம் எஞ்சின் நிஜமாகவே ஓடியது. அப்பாவை உள்ளே விடக்கூடாது என்று கேட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். என்னையும் மாற்றிவிட்டார்கள், வேறு செக்‌ஷன். வீட்டு ஜன்னலுக்கு விசில் வந்தது. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மோர் ஊத்து" என்றார்.

இரண்டு மூன்று குளிர்காலம் ஓட்டினார்கள். பிறகு பாய்லரைப் பரிசோதிக்க யாருக்கும் நேரமில்லை. அப்பா போனார், நிமாய்தா போனார், குவார்ட்டர்ஸையும் இடித்தாகிவிட்டது. போன வருஷம் என் அக்காள் பேரன் நச்சரித்தான் என்று டிக்கெட் எடுத்து உள்ளே போனேன். நீரூற்று ஓடவில்லை. நான் வரைந்த தொட்டியில் பாசி. குட்டி லைனில் எஞ்சின் மாதிரி முகமூடி போட்ட ஒரு பேட்டரி வண்டி, அதே குப் குப். நிஜ எஞ்சின் மேடைமேல் பளபளவென்று நின்றது. உள்ளே நீலக் கோட் போட்ட ஒரு பொம்மை டிரைவர், ரோஸ் கலர் முகம், ஒரு கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான்.

ஏறி உள்ளே பார்த்தேன். கை பிரேக் சக்கரத்தைக் காணோம். அறுத்து எடுத்திருக்கிறார்கள். அறுத்த இடத்தில் இரும்புத் தண்டு ஒன்று, கறுப்புப் பெயின்ட் அடித்து, துருத்திக்கொண்டு நிற்கிறது.