கறுப்பாய்ப் போனது மாத்திரையால் அல்ல

செவ்வாய்க்கிழமை எட்டாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஏழுமலையின் போன் வந்தது. "கஸ்தூரி போயிட்டா டீச்சர். திருப்பதியிலேந்து இட்டுக்கினு வர்றோம்" என்றார். மனைவியின் சாவைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். கஸ்தூரிக்கு நாற்பத்தொன்பது வயது. ஆந்திர எல்லையில், நகரியை அடுத்த எங்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. பதினோரு ஆண்டுகள் ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரி.

சாவுக்கு வந்த உங்களில் பாதிப் பேர் "விதி" என்றீர்கள். மீதிப் பேர், "சரியாத் துன்னவே மாட்டா, அதான் ரத்தம் கம்மியாயிடுச்சு" என்றீர்கள். இரண்டும் பொய்.

கஸ்தூரி நன்றாகச் சாப்பிடுவாள். கறிக்குழம்பு கொண்டுவந்தால் என் டப்பாவிலும் பாதியை ஊற்றுவாள். கோ-கோ பயிற்சியில் பிள்ளைகளோடு தானும் ஓடுவாள். "உக்காந்துகினு விசில் ஊத நான் என்னா டிராபிக் போலீசா?" என்பாள். அந்த ஓட்டத்தில் முழங்கால் தேய்ந்தது. மெடிக்கல் ஷாப்பில் டாக்டர் சீட்டு கேட்காமலே வலி மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் டீயோடு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று வருடம். அவள் படியேறும்போதே கடைக்காரர் அட்டையை எடுத்து வைத்துவிடுவார். வயிறு எரிகிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தவள் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. எந்நேரமும் பச்சரிசியை மென்றுகொண்டிருந்தாள். "உம் பொண்ணு கல்யாணத்துல மழைதான்" என்று நாங்கள் கேலி செய்தோம். அந்த ஆசை ரத்தசோகையின் அடையாளம் என்பது அறிவியல் ஆசிரியையான எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து, உகாதி சமயத்தில் ஒரு கிளினிக்கில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் ஆறு; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். டாக்டர் இரண்டே நிமிடத்தில் இரும்புச்சத்து மாத்திரை எழுதி, கீரையும் பேரீச்சையும் சாப்பிடச் சொல்லி அனுப்பிவிட்டார். ரத்தம் ஏன் குறைந்தது, எங்கே போகிறது என்ற கேள்வியே எழவில்லை. பொம்பளை என்றால் ரத்தம் குறைவாகத்தான் இருக்குமாம். அவளுக்கு மாதவிலக்கு நின்றே ஒரு வருடம் ஆகியிருந்தது. அதையாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த மாதம் என் காதருகே வந்து, "வெளிய போறது தாரு மாதிரி கறுப்பா போவுதுடி" என்றாள். "இரும்பு மாத்திரை துன்னா அப்படித்தான். பயப்படாத" என்றேன். நான்தான் சொன்னேன். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை.

ஜூலையில் மைதானத்தில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் ஏழுமலையும் நானும் நின்றோம். தெலுங்கில் தொடங்கிய டாக்டரம்மா எங்களைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார்.

"கறுப்பா போனது எப்பலேந்து?"

"பொங்கலுக்கு முன்னாலேந்து மேடம். சொல்ல வெக்கப்பட்டுக்கினு இருந்தா" என்றார் ஏழுமலை.

"இரும்பு மாத்திரை?"

"அது உகாதி அப்போதான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கு. மாசக்கணக்கா உள்ளயே ரத்தம் கசிஞ்சிருக்கு."

மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். ஓட்டைக் குடத்தில் நாங்கள் கீரைச்சாறு ஊற்றிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் மேல், அந்த டாக்டர் மேல், என் மேல் எனக்கு உள்ள கோபம் ஆறவில்லை. ஆற வேண்டாம்.

மைதானத்தின் மறுகோடிக்கும் கேட்கும் அவளுடைய குரலைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் சத்துணவுக்கூடத்தில் சமைக்கும் சரோஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு டீயோடு ஒரு வலி மாத்திரையை விழுங்கினாள். முகம் வெளுத்திருந்தது. "வெளிய போறது என்னா கலரு?" என்று அந்தக் குரலில் கேட்டேன்.

"ஐயோ, மெல்ல கேளு டீச்சர். அத்தினி பேரு இருக்காங்க."

"இருக்கட்டும். கறுப்பா?"

தலையைக் குனிந்தபடியே ஆமென்று ஆட்டினாள்.

"எப்பலேந்து?" என்றேன், இன்னும் உரக்க.